கொன்ட்ராபாஸுக்கு வாகனம் தேடிய நாட்கள்

எண்பத்தாறாம் ஆண்டு, கோடை முடிந்து குளிர் தொடங்கிக்கொண்டிருந்த நேரம். நான் டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில், மாடிக் கட்டடம் ஒன்றில், மன்னாரிலிருந்து வந்த நண்பர் ஒருவரோடு ஒரே அறையில் இருந்தேன். அகதியாக வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பகலில் டெனிஷ் வகுப்பு, பின்னேரத்தில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை. மனைவியும் கைக்குழந்தையாக நான் விட்டுவந்த மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு விசா எப்போது கிடைக்கும் என்று கேட்டால் எல்லாரும் தோளைத்தான் குலுக்கினார்கள்.

எங்களுக்குக் கீழ் மாடியில் ஒரு டெனிஷ் அம்மா இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். படியில் கண்டால் சிரிப்பார், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் நான் வகுப்பு முடிந்து வரும்போது, வாசலில் ரக்சிக்காரர் ஒருவர் அவருக்கு முன்னால் நின்று ஏற்ற முடியாது என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவில் கறுப்புத் துணி உறை போட்ட ஒரு பெரிய சாமான், என்னைவிட உயரம். வயலின் ஒன்றை ஆளுயரத்துக்கு வளர்த்துவிட்ட மாதிரி. ரக்சி போய்விட்டது. அந்த அம்மா அதைக் கட்டிப்பிடித்தபடி படியிலேயே இருந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை டெனிஷில் உதவி வேணுமோ என்று கேட்டேன். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய வீட்டில் வைத்தோம். அது கொன்ட்ராபாஸ் என்ற வாத்தியம், அடிக்குரலில் பேசும் என்று சொன்னார். பிறகு கோப்பி போட்டுத் தந்து, மெல்ல மெல்ல, எனக்கு விளங்கும் சொற்களாகத் தெரிந்தெடுத்துத் தன் கதையைச் சொன்னார்.

ஊர் ஊராகப் போய் வாசிக்கிற இசைக்குழு ஒன்றில் அவர் இருந்தார். தனக்கும் ஓட்டத் தெரியும் என்றாலும், இவ்வளவு காலமும் கணவர்தான் காரில் கூட்டிப் போவார். பழைய நீளக் கார். கொன்ட்ராபாஸைக் கிடத்தினால் அதன் கழுத்து முன் சீற்றை முழுக்கப் பிடித்துவிடும். அதனால் கணவர் முன்னால் இருந்து கார் ஓட்ட, இவர் பின்னால் அதன் வயிற்றை அணைத்துக்கொண்டு இருப்பாராம். அந்த வசந்தத்தில் கணவருக்குப் பாரிசவாதம் வந்துவிட்டது. வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போய், முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். காரும் பரிசோதனையில் தேறாமல் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு இதுவரை கூட்டிப் போய்க்கொண்டிருந்த சக கலைஞர் கோபன்ஹேகனுக்கு மாறிப் போகிறார். இனி வாத்தியத்தோடு தானாக வந்து சேர முடியாவிட்டால் குழுவில் இடம் இல்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஹயர் வான் ஓடியவன் என்று வாய்விட்டுவிட்டேன். அவருடைய முகம் உடனே மாறியது. "அப்படியென்றால் சனிக்கிழமை என்னோடு வாகனம் பார்க்க வாருங்கள்" என்றார்.

சனிக்கிழமை கதவைத் தட்டியபோது அவர் கையில் குளிர்சாதனப் பெட்டி வந்த காட்போட் மட்டையில் வெட்டிய ஒரு கொன்ட்ராபாஸ் இருந்தது. அளவு பிசகாமல் வெட்டி, வயிற்றுப் பக்கத்துக் கனத்துக்கு இரண்டு தலையணைகளைக் கயிறால் கட்டியிருந்தார். உண்மையானதை பஸ்ஸில் கொண்டு அலைய முடியாது, இதை வைத்துப் பார்க்கலாம் என்றார்.

என் அறை நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உதென்ன பொம்பிளையோ? தலையைக் காணேல்லை" என்றார்.

"சும்மா இரும். அவவுக்குத் தமிழ் விளங்காட்டியும் சிரிப்பு விளங்கும்" என்றேன்.

விளங்கித்தான் இருந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அப்படியே தலையணை கட்டிய மட்டையோடு பஸ் ஏறி, பழைய கார் விற்கிற இடமெல்லாம் திரிந்தோம். நான் என்ஜின், ரயர் எல்லாம் பார்ப்பேன். அவர் பின் கதவைத் திறந்து மட்டையைத் தள்ளிப் பார்ப்பார். சின்னக் கார்களில் அது பாதிகூட ஏறவில்லை. நீளமான கார்களில் ஏறியது, ஆனால் கழுத்து முன்னுக்கு வந்து சாரதிக்குப் பக்கத்துச் சீற்றில் படுத்தது. சாமான் ஏற்றுகிற மூடிய வானில் இடம் தாராளம். அதை நான் நல்லது என்றேன். அவர் பின்பக்கத்துத் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அங்கே சூடு வராதாம். மாரிக் குளிரில் பலகை வெடித்துவிடுமாம். எங்கள் ஊரில் வெயிலுக்குப் பயந்திருக்கிறேன், குளிர் ஒரு வாத்தியத்தை உடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை ஒரு நல்ல கார் அகப்பட்டது. துரு இல்லை, என்ஜின் சத்தமும் சீராக இருந்தது. விற்பனைக்காரர் நல்ல மனிதர். மட்டையைத் தானே உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, "முன் சீற்றைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரி. நீங்கள் தனியாகத்தானே ஓடப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"நான் தனிய இல்லை" என்றார் அந்த அம்மா.

 மட்டையை இழுத்தெடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நான் பின்னால் ஓடினேன். பஸ் தரிப்பிடத்தில் காற்று மட்டையைப் பறிக்கப் பார்த்தது. இருவருமாகப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"இவ்வளவு நல்ல கார் திரும்பக் கிடைக்காது. உங்கட கணவர் இப்ப வரக்கூடிய நிலைமையில் இல்லைத்தானே. இப்ப வாங்குவம், பிறகு அவர் எழும்பினால் சீற்றைத் திரும்பப் பூட்டலாம்" என்று எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் பொறுக்கிச் சொன்னேன்.

அவர் சரிந்த மட்டையை நிமிர்த்திப் பிடித்தார். அவர் இனி எழும்பமாட்டார் என்றுதான் டொக்டர்களும் சொல்கிறார்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கள் மனைவியும் மகளும் எப்போது வருவார்கள்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"கொம்யூன்காரர்கள் உங்களுக்கு வீடு தருவதாகச் சொன்னீர்களே. எத்தனை அறை கேட்டீர்கள்?"

 அந்தக் கிழமைதான் நகரசபை அலுவலகமான கொம்யூனில், எனக்கு ஒரு அறை போதும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பெரிய வீட்டை எடுத்து அதில் தனியே இருக்கப் பயம். அவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்ற நினைப்பை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொன்னதில்லை. அந்தத் தரிப்பிடத்தில், காட்போட் கொன்ட்ராபாஸின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஊரை விட்டு வந்த பிறகு முதல்தடவையாக அழுதேன்.  அவர் தலையணை ஒன்றை அவிழ்த்து என் கையில் தந்தார். முகத்தைத் துடைக்கவா, பிடித்துக்கொண்டு நிற்கவா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கொம்யூனுக்குத் திரும்பப் போய், மூன்று பேர் இருக்கக்கூடிய வீடு வேண்டும் என்றேன்.

வாகனம் கடைசியில் நாங்கள் தேடாத இடத்தில் கிடைத்தது. நகருக்கு வெளியே பூக்கன்று வளர்க்கிற ஒரு பெண், தன் பிள்ளைகளின் உதைபந்தாட்டக் குழுவை ஏற்றித் திரிந்த பழைய மினிபஸ்ஸை விற்கப் போகிறார் என்று இசைக்குழுவில் யாரோ சொல்லியிருந்தார்கள். செம்மஞ்சள் நிறம். உள்ளே சப்பாத்து மணம். ஆனால் பின் சீற்றுகளைக் கழற்றலாம். சூடு பின்பக்கம் கடைசிவரைக்கும் வந்தது. பக்கத்துக் கதவு இழுத்துத் திறக்கிறது, தனியாளாகவே வாத்தியத்தைச் சரித்து ஏற்றலாம். மட்டையை உள்ளே கிடத்தினோம். முன் சீற் இரண்டுக்கும் பின்னால் அடங்கிப் போய்க் கிடந்தது. நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன், இன்னும் இடம் இருந்தது.

நான் என்ஜினைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டேன். அந்தப் பெண்தான் எங்களைக் குனியச் சொல்லி, அடித்தகட்டில் துருப்பிடித்த இடத்தைக் காட்டினார். பனிக்கு றோட்டில் போடுகிற உப்பு செய்த வேலை. அதைத் தகடு வைத்து ஒட்டித் தருகிறேன், பிறகு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சொன்னபடியே ஒட்டியும் தந்தார்.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பின்னால் மெத்தை விரித்து, உண்மையான கொன்ட்ராபாஸை விலாப்பக்கமாகக் கிடத்தினோம். அதன் தந்திகளில் பாரம் படக்கூடாது. நான் அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அம்மா ஓட்டினார். நேரே பராமரிப்பு இல்லத்துக்குத்தான் போனோம்.

அவருடைய கணவரை அன்றைக்குத்தான் கண்டேன். நல்ல உயரமான மனிதர், சக்கரம் பூட்டிய சில்லுக் கதிரையில் ஒருபக்கமாகச் சரிந்து இருந்தார். பாரிசவாதம் அவரிடம் ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டு வைத்திருந்தது. டெனிஷ்காரர் எதற்கும் சொல்கிற "நோ." ஆங்கில நோ இல்லை, எங்கள் "ஓ, அப்பிடியே" மாதிரி. சந்தோஷத்துக்கும் அதுதான், துக்கத்துக்கும் அதுதான். தாதி ஒருவரும் நானும் தூக்க, அம்மா காலைப் பிடித்து வைக்க, அவரை முன் சீற்றில் இருத்தி, கதிரையை மடித்துப் பின்னால் வைத்தோம். பெல்ற் போட்டுவிட்டபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். கூட்டிக்கொண்டு வந்தது பிழையோ என்று எனக்கு யோசனை வந்தது.

நகரத்தின் பழைய பகுதியில் கல்லுப் பதித்த தெரு ஒன்று வந்தது. வாகனம் அதில் ஏறிக் குலுங்கியதும், என் கைக்குள் கிடந்த கொன்ட்ராபாஸ் தானாகவே உறுமத் தொடங்கியது. தந்திகள் அதிர்ந்து, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு நீண்ட, மெல்லிய சத்தம். அந்த மனிதர் கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பினார். முதலில் வாத்தியத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"நோ...!" என்றார்.

இவ்வளவு காலமும் தான் ஓட்ட, பின்னால் இருந்தவள் இன்றைக்கு ஓட்டுகிறாள் என்பதும், அருமையாக ஓட்டுகிறாள் என்பதும், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. அம்மா வாகனத்தை ஓரமாக நிறுத்திவிட்டார். சிரித்தார், கண் நிறைந்து வழிந்தது. கணவர் தன் நல்ல கையைத் தூக்கி, கியர் பிடித்திருந்த அவருடைய கைமேல் வைத்தார். நான் பின்னால் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த இடத்தில் நான் இருப்பதே அதிகம் என்று பட்டது.

அன்றைக்குப் பின்னேரம் ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்தில் அம்மா வாசித்தார். நான் முதல் வரிசை ஓரத்தில், கணவரின் சில்லுக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த இசை எனக்குப் புரியவில்லை. ஆனால் கொன்ட்ராபாஸ் வரும் இடமெல்லாம் பக்கத்தில் இருந்தவரின் விரல் கதிரைக் கையில் அசைவதைப் பார்த்து, இதுதான் அம்மா, இப்போது அம்மா என்று பிடித்துக்கொண்டேன்.

கணவர் அந்த மாரி முழுக்க முன் சீற்றில் இருந்து பயணம் செய்தார். அடுத்த கோடைக்கு முன்னர் காலமானார். என் மனைவியும் மகளும் அதற்குப் பிறகும் பல மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். அதுவரை நான் அந்த மூன்று பேருக்கான வீட்டில் தனியே இருந்தேன். மகளின் அறைக்குத் திரைச்சீலை போட்டேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் பொறுத்தேன்.

டொக்டர்களே நம்பிக்கை விட்ட ஒருவருக்காக, நல்ல காரை வேண்டாம் என்று விட்டுவிட்டு அந்த அம்மா காற்றுக்குள் நின்ற அந்தச் சனிக்கிழமை இல்லாவிட்டால், வரவேண்டியவர்கள் வருவார்கள் என்று நம்பிக் காத்திருக்கிற தைரியம் எனக்கு இந்த நாட்டில் கிடைத்தே இருக்காது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.