தமிழ் அலமாரியும் தவளைகளும்

அந்தப் பள்ளிக்கூடத்து லைப்ரரியில் மூன்று அலமாரிகள். இங்கிலீஷுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. மூன்றின் சாவியும் என் இடுப்பில் இருந்தது. என் படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு சரி. பேச்சு அதற்கும் முன்பே நின்றுபோயிருந்தது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால், உடனே எதையாவது தூசி தட்டத் தோன்றும்.

ஒரு நாள் ஹெட்மாஸ்டர் வந்து தமிழ் அலமாரியின் முன்னால் நின்றார். மலையாளி, ஆனாலும் வலியசாலைத் தமிழனான என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

"பிள்ளைகள் பரீட்சைக்கு மட்டும் படிச்சாப் போதாது, கேட்டோ. ஒரு ரசத்துக்கும் வாசிக்கணும். இதுலேருந்து யாராவது எடுக்கறதுண்டா?"

"இல்ல சார்."

"நீர் கிளாஸ்ல போய்ப் பேசிப் பாரும். ஓணத்துக்குள்ள ஆள் வரலேன்னா புஸ்தகத்தைச் சாக்குல கட்டிடலாம். சயன்ஸ் மாஸ்டர் அலமாரி கேட்டுட்டிருக்கார்."

பேசத்தான் போனேன். வகுப்பு வாசலில் அத்தனை தலைகளைக் கண்டதும், தண்ணீர் குடிக்க வந்தவன்போலக் குழாய்ப் பக்கம் திரும்பிவிட்டேன். மறுநாளும் அப்படியே. கொட்டுகிற மழைக்காலத்தில் அவ்வளவு தாகம் எடுத்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "குழம்புல உப்பு கொறஞ்சா இங்க அரமணிக்கூர் பேசுதீளே. அதுல பாதிய அங்க போயிப் பேசப்பிடாதா?"

அந்த வாரம் நாலாம் ஃபாரம் பெண் ஒருத்தி மழைக்கு ஒதுங்க லைப்ரரிக்குள் வந்தாள். அலமாரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

"சாரே, இதெல்லாம் புஸ்தகமா? பலசரக்குக் கடைப் பொட்டலம் மாதிரியில்லா இருக்கு. எதுல கதை இருக்குன்னு எப்படித் தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த புத்தகம் ஒவ்வொன்றுக்கும் மைதாப் பசை காய்ச்சி, முதுகு மறையப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மேலே நம்பர் மட்டும் எழுதி வைத்தவன் நான்தான். அழுக்குப் படக்கூடாதே என்ற கவலை. பல வருஷமாக அதுவே என் பெருமை. பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசையில்லை என்று அடிக்கடி வருத்தப்பட்டுக்கொண்டவனும் நான்தான்.

அட்டைகளைப் பிரித்துப்போட மனம் வரவில்லை. பேசத்தான் வராதே தவிர எனக்குக் கையெழுத்து நன்றாக வரும். ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஒரு விஷயத்தை எடுத்து அட்டையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதினேன். 'வள்ளம் கவிழ்ந்தபோது ஏழு பேர் இருந்தார்கள்; கரையேறியது எட்டுப் பேர்.' இப்படி. தேனீ வளர்ப்புப் புத்தகத்தில், 'ராணிக்கு வயதானதும் அவள் மக்களே அவளைத் தீர்த்துவிடுவார்கள்' என்று எழுதினேன். அதை எடுத்துப்போனது அந்தப் பெண்தான்.

இரண்டு நாளில் வந்து நின்றாள். "ராணின்னா ஈயாக்கும். சாருக்கு முன்னயே தெரியும், அல்லே?"

நான் தூசி தட்டினேன்.

"சரி, முழுசும் வாசிச்சாச்சு. அந்த வள்ளத்துக் கதையைத் தாங்க."

பிறகு கூட்டம் வந்தது. ஓண லீவுக்கு முந்தைய நாள், கடைசிப் புத்தகமும் போய் அலமாரி துடைத்தாற்போல் ஆனது. இதை ஹெட்மாஸ்டரிடம் எப்படிச் சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து கதவைத் திறந்தார்.

"மிடுக்கன், கெட்டிக்காரன். நான் சொல்றதுக்கு முன்னமே ஒழிச்சு வச்சிட்டீரே."

புத்தகமெல்லாம் பிள்ளைகளிடம் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமா சார்" என்றேன். அரை மணியில் ஸ்பிரிட்டில் மிதக்கும் தவளைகள் ஜாடி ஜாடியாக வந்து அலமாரியில் ஏறின.

லீவு முடிந்ததும் புத்தகங்கள் திரும்பி வந்தன. மேஜை நிறைந்தது, பிறகு என் நாற்காலியும் நிறைந்தது. நான் நின்றேன். அடுத்த புத்தகம் கேட்டு வரிசை வராந்தாவரை நின்றது. அந்த வழியே வந்த ஹெட்மாஸ்டர் என்ன விஷயம் என்று கேட்டார். நான் தூசி தட்டத் துணியைத் தேடுவதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"கதைப் புஸ்தகம் எடுக்க வந்தோம் சார். வைக்க இடமில்ல. அலமாரி பூராவும் தவளை."

அவர் வரிசையைப் பார்த்தார், ஜாடிகளைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். சயன்ஸ் மாஸ்டரைக் கூப்பிட்டுப் பேசி, கீழ் இரண்டு தட்டுகளை மட்டும் மீட்டுக் கொடுத்தார். மேல் தட்டுகளில் தவளைகள் தங்கிவிட்டன. தமிழுக்குக் கிடைத்தது பாதி அலமாரி. அந்தப் பாதியும் அவள் பேசி வாங்கியது. நான் பேசாமலே கொடுத்தது மேல் பாதி.