கையெழுத்துகளுக்கு மேல் விட்டிருந்த இடம்

எங்கள் ஊரைக் கிராம ஊராட்சியிலிருந்து பேரூராட்சியாக மாற்ற மக்கள் ஒருமனதாகச் சம்மதித்தார்கள் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதியவன் நான். அவர்கள் சம்மதிக்கவில்லை. என் கண் முன்னால் எழுந்து நின்று வேண்டாம் என்று கத்தினார்கள். அவர்கள் போட்டிருந்த கையெழுத்துகளுக்கு மேலேயே வேண்டும் என்று எழுதினேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. தெரிந்தே, ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

எழுமலைக்கும் பேரையூருக்கும் இடையில் இருக்கிறது ஊர். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிராம சபை நடக்கும்போதெல்லாம் ஊராட்சிச் செயலர் என் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். அவருக்குக் கோர்வையாக எழுத வராது. வழக்கம் இப்படித்தான்: கூட்டத்துக்கு வருகிறவர்கள் நுழையும்போதே புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன்னால் நான்கைந்து பக்கம் காலியாக விட்டிருக்கும். கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, நடந்ததை நான் அந்தக் காலிப் பக்கங்களில் எழுதுவேன். பல வருடங்கள் அப்படித்தான் செய்தோம். யாரும் சந்தேகப்பட்டதில்லை. எழுதுவது சார் ஆயிற்றே.

என் கோபத்தின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தெருவில் ஒரு பெண் இருந்தாள். அவள் கணவன் மதுரையில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் கிடந்தான். அவளுக்கு இருந்த ஒரே வழி, கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே உள்ள நூறு நாள் வேலை. கண்மாயில் கருவேலம் வெட்டுவது, வரப்பு கட்டுவது, வாய்க்கால் தோண்டுவது. கூலியைவிட அவளுக்குப் பெரிது, கண்மாய் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்ததுதான். இடையில் ஓடி வந்து கணவனைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்பலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும்.

அவள் வாயும் சும்மா இருக்காது. ஒரு கிராம சபையில் எழுந்து, “கண்மாய்க்குத் தண்ணி வரலைன்னு கண்மாயத் தோண்டச் சொல்றீக. தண்ணி வார ஓடைல சாரு காம்பவுண்டு சுவரு நிக்கிது. அத யாரு தோண்டுறது?” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சுவர் ஓடைப் புறம்போக்கில் நான்கடி உள்ளே போயிருந்தது உண்மை. அளந்து பார்த்து அகற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதையும் நான்தான் எழுதினேன். என் சுவரை இடிக்கச் சொல்லும் தீர்மானத்தை என் கையாலேயே எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. ஐந்தாவதுகூட முடிக்காதவள், நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவனைக் கேள்வி கேட்கிறாள் என்பதுதான் உள்ளே எரிந்தது. அளக்க யாரும் வரவில்லை. இருந்தாலும் அந்தச் சிரிப்பு என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருடம் பேரூராட்சிப் பேச்சு வந்தது. ஊராட்சித் தலைவர் சாலையோரம் நிலம் வாங்கிப் போட்டிருந்தார். பேரூராட்சி ஆனால் மனை விற்கலாம். என்னிடம் அவர் அதைச் சொல்லவில்லை. “ஆனையூரப் பாருங்க சார், ஒரு காலத்துல நம்மளாட்டம்தான் கெடந்துச்சு. இன்னைக்கு மதுரை மாநகராட்சி. உங்க மகன் அங்கதான குடியிருக்காரு? பேரன் கிட்ட சொந்த ஊரு கிராமம்னு சொல்லிக்கிறதுல ஒங்களுக்கென்ன பெருமை?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “கிராம சபையும் இருக்காது சார். கண்டவளும் எந்திரிச்சுக் கேக்க முடியாது” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் போதுமானதாக இருந்தது.

கூட்டம் நாடக மேடை முன்னால் நடந்தது. பெண்கள்தான் அதிகம். வந்ததும் வழக்கம்போல வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். அவளும் போட்டாள். கைநாட்டு வைக்க மாட்டாள்; பள்ளிக்குப் போகும் மகளிடம் கற்றுக்கொண்ட கையெழுத்து, பேனாவை அழுத்திப் பிடித்து மெதுவாகப் போடுவாள். தலைவர் பேரூராட்சி என்ற சொல்லைச் சொன்னதும் கூச்சல் எழுந்தது.

“பேரூராட்சி ஆனா நூறு நாள் வேலை இருக்குமா இருக்காதா, அதச் சொல்லுங்கண்ணே மொதல்ல,” என்றாள் அவள்.

“அரசாங்கம் வேற ஏற்பாடு பண்ணும்த்தா.”

“வேற ஏற்பாடு எம்புட்டு தூரத்துல? என் வீட்டுக்காரரு படுத்துக் கெடக்காரு. நான் பஸ் ஏறிப் போற வேலைக்கு எப்படிப் போவேன்?”

“நீ ஒருத்தி புருசனுக்காக ஊரே கிராமமா கெடக்கணுமா?” என்று கூட்டத்தின் பின்னாலிருந்து தலைவரின் மச்சான் கத்தினான்.

“ஒன் மச்சான் பிளாட்டுக்காக நாங்க பட்டினி கெடக்கணுமாக்கும்?”

அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. பெண்கள் எல்லாரும் எழுந்து வேண்டாம், வேண்டாம் என்றார்கள். தலைவர் கையை உயர்த்தி, “சரி, சரி, அடுத்த கூட்டத்துல பேசிக்குவோம்” என்று முடித்துவிட்டார். அவர்கள் நம்பிக் கலைந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர் ஊராட்சி அலுவலகத்துக்குள் போனோம். டீயும் வடையும் வந்தன. செயலர் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். “அண்ணே, வேண்டாம்னுதான சொன்னாக...” என்று தலைவரிடம் இழுத்தார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்தேன். “ஊரின் வளர்ச்சியைக் கருத்திற்கொண்டு, கூடியிருந்த பொதுமக்கள் அனைவரும் விவாதித்து ஒருமனதாக...” என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. வடை ஆறிவிடப் போகிறதே என்றுதான் நினைத்தேன்.

அரசாணை வந்தது. அலுவலகப் பலகையில் ஊராட்சி என்பதை அழித்துப் பேரூராட்சி என்று எழுதினார்கள். வேலை அட்டைகள் ஒரே நாளில் வெறும் அட்டைகள் ஆயின. காலையில் மண்வெட்டியோடு கண்மாய்க்குப் போன பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் சில வாரம் பக்கத்துத் தோட்டங்களில் வேலை கேட்டு அலைந்தாள். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு நூல் மில்லின் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. விடியும் முன் போனால் இருட்டிய பிறகுதான் வரும். கணவனை எழுமலையில் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். மினி வேனில் பாயோடு தூக்கி வைத்தபோது நான் என் மாடியிலிருந்து பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தபடி கிடந்தான்.

பெண்கள் மகளிர் குழு வழியாகத் தகவல் கேட்டு மனுப் போட்டுத் தீர்மானத்தின் நகலை வாங்கினார்கள். யார் எழுதியது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊரில் பாதிப் பேருடைய பிள்ளைகளின் சான்றிதழில் இருப்பது என் எழுத்து. அவள் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் என்னை மறித்தாள்.

“இது ஒங்க எழுத்துத்தான சார்?”

“ஆமா.”

“கீழ இருக்கிறது என் எழுத்து. மேல இருக்கிறது ஒங்க எழுத்து. என் எழுத்துக்கு மேல ஏறி உக்காந்துட்டீகளே சார். ஒரு சுவத்துக்காகவா?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ் ஏறிவிட்டேன். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஊர் என்னை நடத்திய விதத்தைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். கடைக்காரர், “என்ன சார், டீயா, இல்ல காப்பியா? ஒருமனதாச் சொல்லுங்க” என்பார். ஒருவன், “மாப்ள, வெள்ளப் பேப்பர அங்கிட்டு மறைச்சு வையி, சாரு வாராரு” என்று சத்தமாகச் சொல்வான். ஒருமனது சார் என்று பெயரே வைத்துவிட்டார்கள். என் சுவரில் கரியால் அந்தப் பெயரை யாரோ எழுதினார்கள். எழுத்துப்பிழை இருந்தது. என் முதல் எண்ணம் அதைத் திருத்த வேண்டும் என்பதாக இருந்தது, அப்படிப்பட்டவன் நான்.

தை மாதம் அவள் கணவன் எழுமலையில் இறந்துபோனான். முதுகுப் புண் எலும்புவரை போய்விட்டதாம். செய்தி மில்லுக்குப் போய், அவள் வந்து சேர்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இந்தப் பாவத்தைச் சொன்னேன். பங்குச் சாமியார் கேட்டுவிட்டுச் செபங்கள் சொல்லச் சொன்னார். சொன்னேன். முழங்கால் வலித்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. மன்னிப்பு இத்தனை எளிதாகக் கிடைப்பது எனக்கே அருவருப்பாக இருந்தது. கிராம சபையில் எழுந்து ஊர் முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, எங்கள் ஊரில் இனிக் கிராம சபையே கிடையாது.

ஆகவே சுதந்திர தினத்தன்று பேரூராட்சி அலுவலகத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் எழுந்து நின்று, பையிலிருந்த தாளை வாசித்தேன். நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதினேன், தீர்மானம் பொய், ஆட்சியரிடம் மனுக் கொடுக்கப் போகிறேன், உங்கள் கையெழுத்து வேண்டும் என்றேன்.

பழைய தலைவர் எழுந்தார். “சாருக்கு வயசாயிருச்சு, யாராவது வீட்ல கொண்டுபோய் விடுங்கப்பா” என்றார். பிறகு என் காதருகே வந்து, “எழுதுனது ஒம்ம கை. உள்ள போறதும் நீருதான்” என்றார். அதுவரை என்னிடம் மரியாதை குறையாமல் பேசியவர்.

பெண்கள் யாரும் கையெழுத்துப் போட வரவில்லை. “ஒரு தடவ போட்டது பத்தாதா சார்? இன்னும் என்ன போயிருக்கு எங்ககிட்ட?” என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள். தாளை மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மிட்டாய் டப்பாவை அதன்மேல் வைத்தேன்.

கடைசியில் அவள் வந்தாள். தாளை எடுத்துத் தன் மகளிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னாள். முழுவதும் கேட்டாள். பிறகு பேனாவை வாங்கி, நான் எழுதிய கடைசி வரிக்குக் கீழே, தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை கோடு போட்டாள். அதை ஒட்டியே, ஒரு வரி எழுதக்கூட இடம் விடாமல், தன் கையெழுத்தைப் போட்டாள். அடுத்து வந்தவளும் அவள் கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டுவிட்டுத்தான் போட்டாள். அப்படியே பதினேழு பேர்.

“ஒங்கள மன்னிச்சிட்டேன்னு நெனைச்சுக்கிறாதீக,” என்றாள் அவள். “மத்தவளுகளுக்காவது வேலை திரும்ப வருமான்னு பாக்கேன்.”

திங்கட்கிழமை மதுரைக்குப் போனோம். ஒரே பஸ், அவள் முன்னால், நான் பின்னால். ஆட்சியர் அலுவலக வாசலில் போலீஸார் என் பையைத் துழாவி, மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுக் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ஊரின் தரம் உயர்த்தப்பட்டு இறுதி ஆணை வெளியாகிவிட்டதால் கோரிக்கை ஏற்புடையதல்ல. தீர்மானம் பற்றி விசாரணை நடந்தது. நானே எழுதினேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். விசாரித்த அதிகாரி என் முன்னாள் மாணவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை. செயலரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். வேண்டாம்னுதான சொன்னாக என்று முனகிய ஒரே மனிதர் அவர். அவர் மனைவி என் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார். பழைய தலைவர் பேரூராட்சித் தேர்தலுக்கு விளம்பரம் எழுதச் சுவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஓடைக்குள் போயிருந்த சுவரை நானே ஆள் வைத்து இடித்தேன். பார்க்க யாரும் வரவில்லை. மகன் ஆனையூருக்கு வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். போகவில்லை. போவது தப்பித்துப் போவதாக இருக்கும்.

அவளுக்கு இப்போது பேரூராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. நான் சிபாரிசு செய்யப் போவதாகக் கேள்விப்பட்டு, “சாரு வாயத் தொறந்தா எனக்கு அந்த வேலையே வேணாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தானாகவே மேஸ்திரியைப் பார்த்து வாங்கிக்கொண்டாள். வேலை உள்ளூரிலேயே, நடக்கிற தூரத்தில். வீட்டில் போய்ப் புரட்டிப் படுக்கவைக்கத்தான் ஆள் இல்லை.

தினமும் காலையில் எங்கள் தெருவில் விசில் ஊதிக்கொண்டு தள்ளுவண்டியோடு வருவாள். “மக்குறது தனி, மக்காதது தனி” என்பாள். என்னிடம் அவள் பேசும் பேச்சு அவ்வளவுதான். குப்பை வாங்கியதற்கு வீட்டுக்காரர்கள் ஒரு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் முறை வரும்போது நோட்டை மதில்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பாள். எனக்கு முந்திய கையெழுத்துக்குக் கீழே ஏற்கெனவே கோடு இருக்கும். நான் போட்டதும் நோட்டை இழுத்து, என் கையெழுத்தை உரசுகிற மாதிரி அடுத்த கோட்டைப் போடுவாள். அது நேராக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.