திருப்பித் தர வேண்டாத டப்பா

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் குடியிருந்தபோது, வனஸ்பதி வந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக்கூட நான் வெளியே போட்டதில்லை. சீயக்காயும் வெந்நீரும் விட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பேன். கடுகு, புளி, சட்டைப் பொத்தான், திருநீறு எல்லாம் அவற்றில்தான். இது வீடா, டப்பாக் கடையா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

பக்கத்து வீட்டுக்காரியின் புருஷனுக்கு மில்லில் வேலை. நான் குழம்பு கொடுக்கும் தூக்குச்சட்டியை அவள் ஒருநாளும் வெறுமனே திருப்பித் தந்ததில்லை. உள்ளே முறுக்கோ முருங்கைக்கீரையோ இருக்கும். அதைக் கொடுக்க வரும் சாக்கில் என் அடுப்படி வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். எனக்கு அந்த ஊரில் வேறு தோழி கிடையாது.

மில்லை மூடிவிட்டார்கள். ஒருநாள் நான் அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, சர்க்கரை டின்னைக் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டி என் சட்டிக்குள் உதிர்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டின்னை முந்தானையால் மூடினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் சாம்பாரை டப்பாவில் ஊற்றிக் கொண்டுபோனேன். அடுப்புச் சூட்டில் மூடியின் ஓரம் உருகிப்போன பழைய டப்பா அது.

“டப்பாதான, திருப்பித் தர வேண்டாம். வச்சுக்கிடு” என்றேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு.

அதன்பின் எல்லாம் டப்பாவில்தான் போயிற்று. அவள் வருவது நின்றது. திருப்பித் தரப் பாத்திரம் இல்லாதவள் எதைச் சொல்லிக்கொண்டு வருவாள்? இது எனக்கு உறைப்பதற்குள் அவர்கள் வீட்டைக் காலி செய்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டார்கள். புருஷனுக்கு அங்கே பால்கோவா கடையில் பால் கிண்டும் வேலை.

ஒரு வருஷம் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு அதே தூக்குச்சட்டியில் புளிக்குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ஊர் மடவார் வளாகம் தெருக்களில் அவள் வீட்டைக் கண்டுபிடிப்பதற்குள் பாதிக் குழம்பு என் சேலையில். அவள் முகம் மலர்ந்து வரவேற்றாள், காபி கொடுத்தாள். சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் ஒருநாள் அதைத் தர வருவாள் என்பதுதான் என் திட்டம்.

நான் கிளம்புவதற்குள் குழம்பை மாற்றி, சட்டியைத் தேய்த்துத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டாள். முதல் தடவையாக வெறும் சட்டி. கூடவே ஒரு டப்பா நிறையப் பால்கோவா. மூடியின் ஓரம் உருகியிருந்தது.

“டப்பாதானக்கா, திருப்பித் தர வேண்டாம். வச்சுக்கிடுங்க.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அன்பாகத்தான் சொன்னாள்.