முப்பத்து மூன்று தலைகள்

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 'மடிப்பிள்ளை' என்று ஒரு பேச்சு உண்டு. ஆண்டுச் சுற்றுலாவுக்குப் பேருந்து வரும் நாளில் மட்டும் அது உயிர்பெறும். பட்டியலில் பெயர் இல்லாத, இன்னும் ஒன்றாம் ஆண்டுக்கு வராத தம்பியோ தங்கையோ, அக்காவின் மடியில் உட்கார்ந்து வந்துவிடும். அம்மா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யார் பார்ப்பது? தலைமையாசிரியை அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார். மடிக்கு இருக்கை இல்லை. இருக்கை இல்லாததற்கு எண்ணிக்கையும் இல்லை.

அந்த வருடம் போர்ட்டிக்சன் கடற்கரை. பிள்ளைகளை எண்ணும் வேலை எனக்கு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவள், ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒருவனுக்கு அம்மா, குரலும் பெரிது. வேறென்ன தகுதி வேண்டும்.

விடியற்காலை, செம்பனை மரங்களுக்கு நடுவே பேருந்தின் விளக்கு மட்டும். எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் சட்டை. நாலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி தன் ஆறு வயதுத் தங்கையை இழுத்துக்கொண்டு வந்தாள். தங்கைக்கும் மஞ்சள் சட்டைதான், அக்காவுடைய பழையது, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பின்னாலேயே அவர்களுடைய அம்மா, மோட்டார் சைக்கிள் எஞ்சினை அணைக்காமல், தொழிற்சாலைச் சீருடையில்.

"அக்கா, சின்னதையும் ஏத்திக்குங்க. பெரிசு பாத்துக்கும்."

"பட்டியல்ல இல்லியே."

"மடிப்பிள்ளதானே லா. நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன். தண்ணியில மட்டும் விட்டுறாதீங்க."

நான்தான் தலைமையாசிரியையிடம் சொன்னேன், ஏற்றிக்கொள்ளலாம் என்று. அவர் வானத்தைப் பார்த்தார். நான் இருக்கை இருக்கையாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். முப்பத்து மூன்று. பட்டியலிலும் முப்பத்து மூன்று. மடியில் இருந்த குட்டி என் விரலைப் பார்த்துச் சிரித்தது. அதை நான் தொடவில்லை.

காலையில் கடல் வெகுதூரம் விலகிக் கிடந்தது. சேறும் நண்டுப் பொந்துகளும். பிள்ளைகள் ஓடினார்கள், மணலில் வரைந்தார்கள், கோணிப்பையில் காலை விட்டுக் குதித்தார்கள். மத்தியானம் பொட்டலம் பிரித்து மீ கோரிங் தின்றோம். அந்த அக்கா மட்டும் ஓடவில்லை. தங்கையின் கையைப் பிடித்தபடியே கோணிப்பை ஓட்டத்தைப் பார்த்தாள். "நீயும் ஓடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். தங்கையை என்னிடம் விட்டு ஒரே ஒரு தடவை ஓடினாள். கடைசியாக வந்தாள். மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. கடல் அதற்குள் திரும்பி வந்திருந்தது, கரையோரக் கல் கட்டைத் தொட்டுத் தொட்டு.

"சீக்கிரம் ஏத்துங்கக்கா," என்றார் டிரைவர். "மழ புடிச்சா லுக்குட் ரோட்டுல ஜேம் ஆயிரும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது."

ஈரத் தலைகள், மணல் கால்கள், துண்டுகள், வாளிகள். யாரோ யார் மேலோ தண்ணீர் பிழிந்தார்கள். உள்ளே கத்தல். பாதிப் பேர் துண்டை முகத்தில் போர்த்தித் தூங்கவே தொடங்கிவிட்டார்கள். நான் தொட்டுக்கொண்டே போனேன். துண்டைத் தொட்டேன், தலையைத் தொட்டேன். முப்பத்து மூன்று.

"சரியா இருக்கு, போலாம்!" என்று நான்தான் கத்தினேன். என் பெரிய குரலில்.

மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியெல்லாம் வெள்ளை. பதினைந்து நிமிடம் போயிருக்கும். பின்வரிசையில் ஒரு துண்டு அசைந்தது. அதிலிருந்து அந்தக் குட்டியின் முகம் வெளியே வந்தது. காலைப் பார்த்தது. ஒரு காலில் சிலிப்பர், இன்னொன்றில் இல்லை.

"என் சிலிப்பரு?"

"அக்காகிட்ட கேளும்மா."

"அக்காதான் எடுத்தாரேன்னு போச்சு."

போச்சு. அந்தச் சொல் எனக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அக்காவின் இருக்கையில் குட்டி தனியாக உட்கார்ந்திருந்தது. மடி இல்லை. மடி இல்லாததால் அது ஒரு தலை. அந்தத் தலையை நான் எண்ணியிருக்கிறேன்.

"நிறுத்துங்க! பஸ்ஸ நிறுத்துங்க!"

"இங்க எங்க நிறுத்தறது, நடு ரோட்டுல?"

"ஒரு பிள்ள இல்ல."

தலைமையாசிரியை எழுந்து நின்றார். "நீங்கதானே எண்ணுனீங்க?" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருக்கலாம்.

திரும்புவதற்கு இடமில்லாத சாலை அது, நடுவில் தடுப்பு. வெகுதூரம் போய்த்தான் திரும்ப முடிந்தது. எதிர்ப்பக்கம் கார்கள் வரிசையாக நின்றன. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கூப்பிட அங்கே யாருடைய எண்ணும் யாரிடமும் இல்லை. என் மகன் என்னைப் பார்த்தான், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். குட்டி மட்டும், "அக்கா கடல்லயா இருக்கு?" என்று கேட்டது.

சிலிப்பர் எங்கே போயிருக்கும்? மணலிலா? கல் கட்டுக்கு அந்தப் பக்கமா? தண்ணீர் இப்போது எதுவரை ஏறியிருக்கும்? ஒரு சிலிப்பர் மிதந்தால், பத்து வயதுப் பிள்ளை எத்தனை அடி இறங்கும்? நான் கணக்குப் போட்டேன். என் கணக்குகளின் லட்சணம் தெரிந்தும் போட்டேன். தண்ணியில மட்டும் விட்டுறாதீங்க. மழை கண்ணாடியை அடித்துக்கொண்டே இருந்தது. நான் படியில் நின்றேன், கதவுக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டவளைப் போல.

கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. ஒரே ஒரு குடை. நாசி லெமாக் கடைக்கார மக்சிக், ஒரு மலாய்க்கார அம்மா, அதைப் பிடித்து நின்றார். குடைக்குக் கீழே மஞ்சள் சட்டை. பேருந்து நின்றிருந்த அதே இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தாள். "கடைக்குள் வா என்று எத்தனை தடவை கூப்பிட்டேன், இந்த இடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறாள்" என்று மலாயில் சொன்னார் மக்சிக். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தெரியவில்லை.

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவள் திருப்பிப் பிடிக்கவில்லை. அவள் கைக்கு வேறு வேலை இருந்தது. சட்டைக்குள் அந்தச் சிலிப்பரை நனையாமல் வைத்திருந்தாள்.

"கல்லுக்கு இடையில மாட்டிக்கிச்சு ஆண்ட்டி."

"எங்கள ஒரு குரல் கூப்பிடக்கூடாதா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "நீங்கதான் எண்ணுவீங்களே? அதான் மெதுவா எடுத்தேன்."

பேருந்தில் ஏறியதும் தங்கையின் காலைத் துடைத்துச் சிலிப்பரைப் போட்டுவிட்டாள். பிறகு அவளை மடியில் ஏற்றிக்கொண்டாள். பல் தந்தியடித்தது. தலைமையாசிரியை தன் சால்வையைக் கொடுத்தார்.

பள்ளி வாசலில் அவர்களுடைய அம்மா மோட்டாரில் காத்திருந்தாள். இறங்குவதற்கு முன் தலைமையாசிரியை என் கையைப் பிடித்தார். "பிள்ள நல்லபடியா வந்திருச்சு. இப்ப சொல்லி என்ன லா ஆகப் போவுது? நாளைக்கு நானே கூப்பிட்டுப் பேசறேன்."

சொல்லாமல் விட்டிருக்க முடியும். பிள்ளை சொல்லியிருக்காது. அது சொல்கிற பிள்ளை இல்லை. அதனால்தான் நான் போனேன்.

சொன்னேன். மடி, இருக்கை, துண்டு, எல்லாவற்றையும். நடுவில் எனக்கே அது சாக்குப்போக்கு போலக் கேட்டது. நிறுத்திவிட்டு, "விட்டுட்டுப் போயிட்டோம். நான்தான் சரியா இருக்குன்னு சொன்னேன்" என்றேன்.

"எத்தன நிமிஷம்?"

"நாப்பது இருக்கும்."

"நாப்பது நிமிஷம்." அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். சின்னதை முன்னால் தூக்கி வைத்தாள். பெரியதைப் பார்த்து, "ஏறு. இடுப்பக் கெட்டியாப் புடிச்சுக்க" என்றாள். மோட்டார் செம்மண் பாதையில் போய்விட்டது. திட்டுவாள் என்று நின்றிருந்தேன். திட்டாமல் போனது இன்னும் என் முதுகில் இருக்கிறது. கோயிலில் என்னைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரே கடையில் நின்றும் பேசவில்லை.

அடுத்த வருடம் மலாக்கா. வேறு ஆள் கிடைக்கவில்லை என்று மறுபடியும் என்னையே கூப்பிட்டார்கள். மடிப்பிள்ளை கிடையாது என்று நான்தான் வாசலில் நின்று சொன்னேன். ஒரு அம்மா என் காதுபடவே, "பெரிய போலீஸ்காரி" என்றாள். இருக்கட்டும்.

அனுமதிக் கடிதங்களில் இரண்டு, ஒரே கையெழுத்து, அந்த அம்மாவுடையது. தங்கை ஒன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள், பட்டியலில் அவளும் இருந்தாள். அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் தலைகளைத் தொடுவதில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறேன், முகத்தைப் பார்க்கிறேன், பதில் வந்தால்தான் அடுத்த பெயர். ஏறும்போது, சாப்பிட்டு எழும்போது, கழிப்பறைக்குப் போய் வந்தபின். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

தங்கை பெயர் வாயை விட்டு வருவதற்குள் "வந்துட்டேன் ஆண்ட்டி!" என்று கத்துகிறாள். அக்கா அப்படியில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டால் உடனே பதில் வராது. ஜன்னலோரம் உட்கார்ந்து நேராக என்னைப் பார்ப்பாள். வாய் திறக்க மாட்டாள். பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

நான் இரண்டாவது முறை கூப்பிடுவதில்லை. அடுத்த பெயருக்கும் போவதில்லை. பட்டியலைப் பிடித்தபடி நிற்கிறேன், அவள் சொல்லும்வரை.