அமலா அக்காவுக்காகக் காத்திருந்த அரை மணி நேரம்

நேற்று மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தனியாக இருக்கிறவனை யார் கேட்கப் போகிறார்கள்? அப்போது தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன் வந்தது. கும்மிடிப்பூண்டியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த இரும்பு ஆலையில் இப்போது கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண். பெயர் ஷாலினி. பழைய சர்வரிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றுகிறார்களாம்.

“சார், டெய்லி க்ளோசிங்னு ஒரு ஜாப் நீங்கதான் எழுதினீங்கன்னு சொன்னாங்க. அதுல ரெண்டாவது ஸ்டெப் ஒண்ணுமே பண்ண மாட்டேங்குது சார். தெனம் அரை மணி நேரம் சும்மா நின்னுக்கினு இருந்துட்டு அப்பறம் போவுது. அத எடுத்துடட்டுமா?”

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நான் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த சர்வரைவிட்டு வந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் வாயில் அப்படித்தான் வந்தது. அவள் பேசும்போது பின்னால் கிரேன் சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும், மழையில் நனைந்த பழைய இரும்பின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. உங்களுக்கு அந்த வாசனை தெரியுமோ என்னவோ. நாக்கில்கூட ஒட்டும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்தும் ஆந்திராப் பக்கமிருந்தும் லாரிகளில் பழைய இரும்பு வரும். வாசலில் எடைமேடையில் ஏறி நிறுத்துவிட்டுத்தான் உள்ளே போகும். சாயங்காலமானால் அன்று வந்தது எவ்வளவு, உலையில் போட்டது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று கூட்டிக் கழித்து சர்வர் ஒரு அறிக்கை தயாரிக்கும். அது தலைமை அலுவலகத்துக்கு மெயிலில் போகும். அதைத் தினமும் ஓடவைப்பதுதான் என் முக்கியமான வேலை. ஓடவைப்பது என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொத்தான்.

சர்வர் அறை மாடியில் இருந்தது. வெளியே அனல் அடிக்க, நான் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோடையில் உலைப் பக்கத்து ஆட்கள் யாராவது கதவைத் திறந்து, “இன்னா சார், ஊட்டில குந்திக்கினு கீறீங்க” என்று சொல்லி, சட்டையை உதறிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார்கள். பிறகு போய்விடுவார்கள். விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அங்கே ஆளே கிடையாது. புதுவாயலில், செல்போன் கடைக்கு மேலே ஒரு அறையில் தங்கியிருந்தேன். கூட இருந்த இரண்டு பேரும் வடக்கத்திப் பையன்கள், ஷிப்ட் வேலை. நான் எழுந்திருக்கும்போது அவர்கள் தூங்குவார்கள். நான் வரும்போது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்கொருவர் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான். சில நாள் சாயங்காலம்வரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் இண்டர்காம் அடிக்கும்.

“தம்பி, எல்லா வண்டியும் அனுப்ட்டேன். ஓட்டு.”

எடைமேடைக் கொட்டகையில் உட்கார்ந்து எடையைப் பதிவு செய்கிற அமலா அக்கா. வாசல் சொல்லாமல் கணக்கை முடிக்கக் கூடாது என்பது அந்த ஆலையின் பழக்கம். நான் பொத்தானை அழுத்துவேன். ஆனால் அக்கா போனை வைக்க மாட்டார். கூட்டல் சரியாக வந்துவிட்டது என்று காதால் கேட்டால்தான் கொட்டகையைப் பூட்டுவார். அது ஓடி முடிகிறவரை பேசிக்கொண்டிருப்போம்.

“மத்தியானம் இன்னா துன்ன?”

“பரோட்டாக்கா.”

“தெனம் பரோட்டாவா? வவுறு இன்னாத்துக்கு ஆவும்?”

அவருடைய அம்மா அப்பா அங்கே சுற்றுவட்டாரத்து நெல் வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வீட்டுக்காரர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை. மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். இதெல்லாம் கணக்கு ஓடுகிற இடைவெளியில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது. “ஒரு டிரைவரு, நைனா நைனான்னுக்கினே வண்டிய குறுக்க உட்டுட்டு டீ குடிக்கப் போய்ட்டான்பா, ஒரே பேஜாரு” என்று அவர் சொல்லும்போது நான் தனியாக அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்திருக்கிறேன். முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. காலையில் கம்பெனி பஸ் வாசலைத் தாண்டும்போது கொட்டகை ஜன்னலில் ஒரு கை தெரியும். அந்தக் கைக்கு நான் கையாட்டுவேன்.

அந்தக் கணக்கை இன்னும் வேகமாக ஓடவைக்க எனக்கு வழி தெரியும். பெரிய வேலையும் இல்லை. ஏன் செய்யவில்லை என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். “பட்டன் அமுக்க ஒரு ஆளா? ஷெட்யூல் போடுப்பா.” அது ரிஸ்க் சார், டெஸ்ட் பண்ணணும் சார் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். எத்தனை நாள் டெஸ்ட் பண்ண முடியும்? சர்வரில் நேரம் குறித்து, இன்னின்ன வேலையை இன்ன வரிசையில் செய் என்று எழுதிவைத்துவிட்டால் அது தினமும் தானாக எழுந்து செய்துவிடும். இதைத்தான் ஜாப் என்பார்கள். எழுதி வைத்தேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல போன்.

“தம்பி, அனுப்ட்டேன். ஓட்டு.”

“தானா ஓடிடுச்சுக்கா. இனிமே தெனம் தானாவே ஓடிடும்.”

“தானாவா?” கொட்டகைச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. “அப்ப சரி தம்பி. நான் கெளம்பறேன்.”

அந்த வெள்ளிக்கிழமையே மாட்டிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் செக்யூரிட்டி அண்ணன் எடைமேடைக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார். கற்பூரம் அணைகிறவரை ஒரு வண்டியும் மேலே ஏறாது. அமலா அக்கா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். வெளியே நின்று, முடிந்ததும் சுண்டலை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். சர்வருக்கு யார் சொன்னார்கள்? குறித்த நேரத்துக்கு எழுந்து, வாசலில் நின்ற வண்டிகளை விட்டுவிட்டுக் கணக்கை முடித்து மெயிலை அனுப்பிவிட்டது. “லாரி லாரியா வந்த இரும்பு எங்கய்யா?” என்று மேனேஜர் மறுநாள் குதித்தார்.

எனக்கு உள்ளூர சந்தோஷம். பழையபடி போன் வரும் என்று நினைத்தேன். மேனேஜரோ, “கேட்ல ஒரு பட்டன் வெச்சுக் குடு” என்று சொல்லிவிட்டார். வைத்துக் கொடுத்தேன். வண்டி எல்லாம் முடிந்ததும் அக்கா தன் திரையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். சர்வர் அதுவரை பொறுத்திருக்கும். அரை மணி நேரம் பார்த்தும் வரவில்லையென்றால் தானாகப் போய்விடும். ஷாலினி சொன்ன இரண்டாவது ஸ்டெப் அதுதான்.

அதற்குப் பிறகு இண்டர்காம் அடிக்கவில்லை. சாயங்காலம் திரையைப் பார்த்தபடி இருப்பேன். வண்டி முடிந்ததா என்பதற்கு எதிரே ‘இல்லை’ என்று இருப்பது ‘ஆம்’ என்று மாறும். அக்கா கொட்டகையைப் பூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு நடக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். நாமே போன் பண்ணினால் என்ன என்று சில நாள் கை போகும். என்ன காரணம் சொல்வது? காரணம் இல்லாமல் ஒருவரைக் கூப்பிட எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அப்புறம் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து கேமரா மாட்டி, தடுப்புக்கட்டை போட்டு, எடைமேடையையே தானாக இயங்குகிற மாதிரி செய்துவிட்டார்கள். உட்கார்ந்து பதிய ஆள் வேண்டாம். ஒருநாள் சாயங்காலம் இண்டர்காம் அடித்தபோது தூக்கிவாரிப் போட்டது.

“தம்பி, நாளையிலேர்ந்து நான் வர்ல. வேணாம்னுட்டாங்க.”

வேறு எங்காவது பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“பாக்கணும். பாப்பா ஃபீஸ் வேற கீது.” உடனே, “ஆமா, இந்தப் பட்டன இனிமே யாரு அமுக்குவா?” என்றார்.

“யாரும் அமுக்க வேணாம்க்கா. அரை மணி நேரம் பாத்துட்டு அதுவே போயிடும்.”

“அய்ய, அம்மாம் நேரம் இன்னாத்துக்கு நிக்க வெக்கற? எடுத்து உட்டுடு.” சிரித்தார். “நேரத்துக்குத் துன்னு, இன்னா?”

மறுநாள் அந்த ஸ்டெப்பை எடுக்க உட்கார்ந்தேன். எடுக்கவில்லை. கணக்குக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சில மாதம் கழித்து நானும் கிளம்பி சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்கில் யாரும் முகத்தைக் காட்டுவதில்லை. நான் எழுதுகிற ஜாப்கள் எதுவும் யாருக்காகவும் நிற்பதில்லை.

நேற்று சாயங்காலம் ஷாலினியைக் கூப்பிட்டு இதில் பாதியைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அவங்களுக்குத் தெரியுமா சார், இது இன்னும் தெனம் நிக்குதுன்னு?”

“தெரியாதும்மா.”

“ஒரு போன் அடிச்சு சொல்லுங்களேன்.”

“நம்பர் இல்ல. இண்டர்காம்லதான் பேசுவோம்.”

“அந்தக் கேட்டுல இப்ப இண்டர்காமே இல்ல சார். கொட்டாய்கூட இடிச்சுட்டாங்க.” பிறகு மெதுவாக, “அப்ப எடுத்துடட்டுமா சார்?” என்றாள்.

எடுத்துவிடு என்று சொன்னேன்.

இன்று சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தபோது செய்தி அனுப்பியிருந்தாள். ஜாப் டக்கென்று ஓடி முடிந்துவிட்டதாம், எங்கேயும் நிற்கவில்லையாம். நல்லது என்று பதில் போட்டேன். அமலா அக்கா வருவாரா என்று சாயங்காலமானால் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று நேற்றுவரை கும்மிடிப்பூண்டியில் இருந்தது. இன்றைக்கு இல்லை. டீ ஆறுகிறவரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.