மூத்திரம் போனதற்கு மைசூர்பாகு

எனக்கு அறுபத்தெட்டு வயது. வளர்த்தது ஏழு பெண்கள். ஒன்றையும் பெறவில்லை. பெற்றவர்கள் துரத்திவிட்ட பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். அரவாணிகளின் குடும்பம் அப்படித்தான் பெருகும்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு ஒக்கலிபுரத்தில் நாங்கள் நடத்தும் ஹமாமைத் தெரியும். விறகெரித்து வெந்நீர் போட்டு, ஊராரைக் குளிக்க விடும் இடம். கனகாவையும் தெரியும். அண்டா ஒழுகியபோது மாவைப் பிசைந்து அடைத்தாளே... என் நடுப்பெண், அவள்தான்.

போன மாதம் அவளை ஜெயிலில் போட்டார்கள். சிக்னலில் கை நீட்டினாள் என்று கேஸ். வைத்தது ஆண்கள் பக்கம். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்ல இந்தப் பக்கம் போதாது.

மனுப் போட்டுப் பார்க்கப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்தாள். நிற்கிறாளா, வலையைப் பிடித்துத் தொங்குகிறாளா என்றே தெரியவில்லை. வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது.

“என்னடி, மாசமாயிட்டியா?” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

“மூத்திரம் போகலம்மா. சொட்டு சொட்டா வந்துச்சு. நேத்துலேருந்து அதுவும் இல்ல.”

“டாக்டரு பாக்கலயா?”

“பாத்தாங்க. கல்லு இருக்கும், நெறைய தண்ணி குடின்னாங்க. குடிச்சேன்.”

சாக்கடை அடைத்துக் கிடக்கும் வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்?

கனகா நிர்வாணம் முடித்தவள். ஆண் உறுப்பை அறுத்து எடுப்பதை நாங்கள் அப்படிச் சொல்வோம். ஆஸ்பத்திரியில் எங்களை வாசலிலேயே விரட்டுவார்கள். ஆகையால் எங்களுக்குள்ளேயே ஒரு தாயம்மா கத்தி பிடிப்பாள். புண் ஆறும்போது சிலருக்கு மூத்திர வழி சுருங்கிக்கொண்டே போகும். டாக்டருக்குத் தெரிந்தால் ஒரு குழாயில் தீர்கிற காரியம். தெரிந்தால்தானே?

“அறுத்ததைச் சொன்னியா?”

“பொறப்பே இப்படித்தான்னு சொன்னேன். நீ சத்தியம் வாங்கியிருக்கியேம்மா.”

வாங்கித்தான் இருந்தேன். எங்களில் தாயாக இருக்கும் எந்தக் குருவும் வாங்குவாள். கத்தி படும் முன்னால் பெண்ணின் தலையில் கை வைத்து, அம்மன் மேல் ஆணை – வெளி ஆளிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் தாயம்மா மேல் போலீஸ் பாயும். வைத்த கையால்தான் அந்தச் சத்தியத்தை எடுக்க முடியும்.

எடுக்கலாம். நடுவில் கம்பி வலை இருக்கிறதே?

வலை ஓட்டையில் சுண்டுவிரல்தான் நுழைந்தது. அவள் குனிந்து நெற்றியை அதில் முட்டினாள்.

“எடுத்துட்டேன் போ. சொல்லு.”

“தாயம்மாவப் புடிச்சிடுவாங்களே?”

“யாரு அறுத்ததுன்னு சொல்லாத. அறுத்ததுன்னு சொல்லு.”

“லைன்ல அத்தன ஆம்பளைங்க எதிர்ல எப்படிம்மா சொல்றது? பாவாடையத் தூக்குன்னு வேற சொல்றாங்க.”

அது இரண்டாவது பூட்டு. அதற்குச் சாவி என்னிடம் இல்லை.

கேட் அருகே வெயிலில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயில் டாக்டரம்மா சாப்பாட்டுக்கு வெளியே வந்தார். புதிதாக வேலைக்கு வந்தவர், சின்ன வயது, தமிழ் பேசும் தங்கவயல் பெண். கை தட்டிக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். எங்கள் தட்டலைக் கேட்டால் ஜனங்கள் பர்ஸைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். “தாயி” என்றேன். நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன், தாயம்மாவின் பேரைத் தவிர.

“பொறப்புன்னு சொன்னாளே பாட்டி?”

“அத்தன பேரு பாக்க நீங்க கேட்டா, நானும் பொறப்புன்னுதான் தாயி சொல்லுவேன்.”

டிபன் டப்பாவோடு திரும்பி உள்ளே நடந்தார்.

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? வைத்தியம் இல்லை. ஒரு பெட்ஷீட்டைக் கயிற்றில் கட்டி, வரிசையை அந்தப் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகுதான் கேட்டார். கனகா சொல்லிவிட்டாள். உடனே வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியைத் திறந்து குழாய் வைத்தார்கள்.

அடுத்த மனுவுக்கு நான் மைசூர்பாகோடு போனேன். கேட்டில் இருந்த வார்டர் கன்னடக்காரர். “ஏனம்மா, மகளிகெ மதுவெயா?” என்று கேட்டார். மகளுக்குக் கல்யாணமா என்று.

“அதுக்கும் மேல சார். மூத்திரம் போயிடுச்சு.”

இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார்.

கனகா இப்போது வீட்டில் இருக்கிறாள். அண்டாவுக்குத் தண்ணீர் சுமக்காதே என்றால் கேட்பதில்லை. ஜெயிலில் அந்தப் பெட்ஷீட் இன்னும் தொங்குகிறதாம். எங்கள் ஆட்கள் யார் உள்ளே வந்தாலும் டாக்டரம்மா அதற்குப் பின்னால் வைத்துத்தான் பார்க்கிறாராம். அப்பாடா... மாளிகையா கேட்டோம்? ஒரு துணி மறைப்பு, ஒரு கேள்வி. அதற்கு ஒரு உயிர் ஊசலாட வேண்டியிருந்தது.

எங்களைப் பற்றி ஊரே பேசுகிறது. நாங்கள்தான் வாயைத் திறப்பதில்லை, கௌரவமாம். மூத்திரப்பை நிறைந்தால் கௌரவம் எங்கே நிற்கும்? இனிமேல் சத்தியம் வாங்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளப் போகிறேன் – டாக்டரைத் தவிர.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் சுமதி. கனகா எடுத்து வளர்க்கிற பெண், எனக்குப் பேத்தி முறை. காலேஜ் வரை போனவள்.

சுமதி, எழுதினதப் படி, கேக்குறேன்... என்னது, ‘சிறுநீர்’னு போட்டிருக்கியா? அடிச்சிட்டு மூத்திரம்னே எழுதுடி. வாய் கூசித்தானே இவ்வளவும் பட்டோம்?