பறக்கும் மனிதனின் இரண்டு வலது கால்கள்

"அந்தப் பதினாறு பக்கங்களையும் வரைந்தது நான்தான். எங்கள் ஊர் நூலகம் நம்ப மறுக்கிறது. உங்கள் பட்டியலிலும் அவை வேறொருவர் பெயரில் இருக்கின்றன. திருத்த முடியுமா?"

ஜூலை மாதம் எனக்கு வந்த மின்னஞ்சலின் நடுப்பகுதி இது. அனுப்பியவர் ஊரில் அப்போது புதன்கிழமை. ஆம்பூரில் வியாழன் பிறந்துவிட்டிருந்தது. என் குறிப்பில் இரண்டு கிழமைகளையும் எழுதி வைத்திருக்கிறேன். எழுதியவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர். அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் வரைந்தே வாழ்நாளைக் கழித்தவர். அவர் வரைந்த இதழ்களை எல்லாம் ஆண்டு வாரியாகத் தொகுத்து இணையத்தில் போட்டிருப்பவன் நான். அவர் ஊரிலேயே யாரும் செய்யாத வேலை அது என்பதைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வேன்.

எனக்குச் சோறு போடுவது ஒரு ஷூ தொழிற்சாலையின் சாம்பிள் பிரிவு. வெளிநாட்டு வியாபாரி அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் ஷூவைச் செய்து அவர் ஒப்புதலுக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. மிச்ச நேரத்தில் தேதிகளோடு மல்லுக்கு நிற்பேன். அமெரிக்க காமிக்ஸின் அட்டையில் அச்சிட்டிருக்கும் மாதம் உண்மையான மாதம் அல்ல. இதழ் அதற்கு முன்பே கடைக்கு வந்திருக்கும், ஓவியர் அதற்கும் முன்பே வரைந்து முடித்திருப்பார். இதை எல்லாம் கழித்துத்தான் ஒரு பக்கம் எப்போது வரையப்பட்டது என்று சொல்ல முடியும்.

இவரை நான் கண்டுபிடித்தது வேலூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஓர் இதழில். முகத்தையோ சண்டையையோ நான் முதலில் பார்க்கவில்லை. பூட்ஸைத்தான் பார்த்தேன். மற்றவர்களின் சூப்பர் ஹீரோக்கள் முழங்கால்வரை சாயம் பூசிக்கொண்டதுபோல நிற்பார்கள். இவருடைய ஆள் நடந்தால் கணுக்காலில் தோல் மடிந்தது, அதுவும் மடிய வேண்டிய இடத்தில். பின்பக்கத் தையல் நேராக இறங்கியது. இவர் ஷூ செய்யும் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றே சொன்னேன். பிறகு தேடிப் பார்த்ததில் சரியாகவே இருந்தது. எங்களிடம் வாங்குகிறவர்களே அந்த ஊரில் இருக்கிறார்கள்.

அவர் இளமையில் ஒரு முகவர் நிறுவனத்துக்கு வரைந்தார். காதல் கதை, போர்க் கதை என்று எது வந்தாலும் வரைவார். பக்கங்கள் தபாலில் வெளிநாடு போகும், கையெழுத்துப் போடக் கூடாது. ஒருமுறை பறக்கும் மனிதன் ஒருவனின் தொடரை வரைந்துகொண்டிருந்த பெரிய ஓவியர் நோயில் படுத்துவிட்டார். அவர் பாணியிலேயே ஓர் இதழை, அதாவது அந்தப் பதினாறு பக்கங்களை, வரைந்து கொடுக்கும்படி முகவர் இவரிடம் சொன்னார். இதழ் பெரிய ஓவியர் பெயரில் வெளிவந்தது. தன் பெயரோடு சூப்பர் ஹீரோ வரைய இவருக்கு அதன்பின் நான்கு ஆண்டுகள் ஆயின. முகவரும் பெரிய ஓவியரும் இப்போது இல்லை. மூலப் பக்கங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

இப்போது அவர் ஊர் நூலகம் அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதையும் கண்காட்சியாக வைக்கிறது. முதல் சுவரில் அந்தப் பதினாறு பக்கங்கள் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சான்று இல்லாவிட்டால், நான்கு ஆண்டு கழித்து அவர் பெயரோடு வந்த தொடரிலிருந்துதான் சுவர்கள் தொடங்கும். "இந்த வயதில் நான்கு ஆண்டுகள் சின்ன விஷயம் அல்ல" என்று எழுதியிருந்தார்.

சான்று கிடைத்தால் மாற்றுகிறேன், கிடைக்காவிட்டால் மாற்ற முடியாது என்று பதில் போட்டேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"வரைஞ்ச மனுஷனே சொல்றாரு. அவரைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமா?"

அவர் சொல்வது ஒரு சாட்சி, ஆனால் ஆதாயம் உள்ள சாட்சி என்றேன்.

"அப்போ நம்ம கல்யாணத்துக்கும் சாட்சி கேப்பீங்க."

"அதுக்குப் பத்திரிகை இருக்குது."



அந்த இதழின் பக்கங்களைப் பெரிதாக அச்சடித்து சாம்பிள் அறைக்குக் கொண்டுபோனேன். மேசையில் பரப்பி வைத்து, மதியம் சாப்பிட்ட கையோடு தையலையும் மடிப்பையும் பார்த்தேன். எல்லாம் அவருடையதுபோலவே இருந்தது. ஆனால் 'போல' என்பதை நூலகம் ஏற்காது. எங்கள் தரப் பரிசோதகர் டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர்.

"இன்னா சார், உங்க ஸ்பெயின் தோஸ்த்துக்கு ரெண்டும் வலது காலா?"

குனிந்து பார்த்தேன். அந்த ஹீரோவின் பூட்ஸில் கணுக்கால் அருகே ஒரு பக்கிள் உண்டு. பக்கிள் எப்போதும் காலின் வெளிப்பக்கம்தான் வரும். உள்பக்கம் வைத்தால் ஒன்றோடொன்று உரசும். வலது காலில் சரியாக வெளியே இருந்தது. இடது காலில் உள்ளே இருந்தது. பெருவிரல் பக்கத்து வளைவும் அப்படியே. ஒரே பூட்ஸை இரண்டு கால்களிலும் மாட்டியிருந்தார்.

"இதை பேக்கிங்ல விட்டா கன்டெய்னரே திரும்பி வந்துடும்" என்று சொல்லிவிட்டு பாய் டீயைக் குடித்தார்.

எனக்கு முதலில் தோன்றியது, ஓவியரின் கோரிக்கை முடிந்தது என்பதே. ஷூ ஊரில் பிறந்தவர் இப்படி ஒரு தவறைச் செய்யவே மாட்டார். வேறு யாரோ வரைந்திருக்கிறார்கள். பாயிடம் அதைச் சொன்னேன். அவர் டம்ளரை வைக்க இடம் தேடினார். என் மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில், அந்த மாதம் அனுப்ப வேண்டிய சாம்பிள்களை ஒதுக்கி டம்ளரை வைத்தார். நான் அந்த அலமாரியைப் பார்த்தபடியே இருந்தேன்.

அதில் இருந்தவை எல்லாம் வலது கால். எங்கள் தொழிலில் ஒப்புதலுக்குப் போகும் சாம்பிள் ஒற்றைக் கால்தான். தோல் மிச்சம், நேரம் மிச்சம், வழியில் யாரும் எடுத்துப் போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாது. ஷூ ஊரில் ஒருவர் வீட்டுக்கு மாதிரிக்கு என்று ஒரு பூட்ஸ் வந்தால், அது ஒற்றையாகத்தான் வரும். மேசையில் ஒற்றை பூட்ஸை வைத்து வரைகிறவருக்கு இடது காலும் வலது காலாகத்தான் அமையும். ஷூ ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது.

"பாய், இது அவர்தான்."

"இப்பத்தான் இல்லேன்னீங்க."

"இப்ப ஆமான்றேன்."

சோதிக்காமல் விடவில்லை. பெரிய ஓவியர் வரைந்த, நோய்க்கு முந்தைய இதழ்களையும் பிந்தைய இதழ்களையும் எடுத்துப் பார்த்தேன். அவற்றில் பக்கிள் இரண்டும் வெளிப்பக்கமே. நம்மவர் தன் பெயரோடு வரைந்த முதல் தொடரை எடுத்தேன். அது வேறு ஹீரோ, வேறு உடை. ஆனால் அங்கும் இரண்டு வலது கால். அதன் இரண்டாம் ஆண்டில்தான் கால்கள் சோடி சேர்கின்றன.

பிறகு ஓவியருக்கு எழுதினேன். கண்டதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அந்தக் காலத்தில் பூட்ஸ் வரையும்போது முன்னால் எதை வைத்துக்கொள்வீர்கள்?

மறுநாளே பதில் வந்தது. அவர் மனைவி அப்போது ஊரில் ஒரு தொழிற்சாலையில் சாம்பிள் பிரிவில் இருந்தாராம். கழித்துப்போட்ட பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இதன் சோடி எங்கே என்று இவர் கேட்க, சோடியே கிடையாது என்று அவர் சிரித்திருக்கிறார். பல வருடம் அது மேசையிலேயே இருந்தது. தன் பெயரோடு வந்த தொடரின் முதல் ஆண்டுச் சம்பளத்தில் இவர் தனக்கென்று ஒரு சோடி பூட்ஸ் வாங்கினார். ஏன் கேட்கிறீர்கள் என்று கடைசியில் எழுதியிருந்தார்.

படங்களை வட்டமிட்டு அனுப்பினேன். இத்தனை ஆண்டுகளில் எந்த இதழாசிரியரும் இதைப் பார்க்கவில்லை என்றும், பார்த்திருந்தால் வேலை போயிருக்கும் என்றும் எழுதினார். அவர் ஊர் நூலகருக்கு விளக்கமே தேவைப்படவில்லை; அந்த ஊரில் ஒற்றை பூட்ஸ் பார்க்காத வீடு இல்லையாம். பட்டியலைத் திருத்தி, திருத்திய காரணத்தையும் கீழே எழுதினேன். பாய்க்கு நன்றி சொல்லியிருக்கிறேன், பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் 'ஒரு தரப் பரிசோதகர்' என்று.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஹீரோ தொடக்கம் முதல் கடைசிக் கட்டம்வரை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். மற்ற பதினைந்திலும் தெரியும் அந்த இரண்டு வலது கால்கள் இங்கே எங்கும் இல்லை. அவசரத்தில் சில நாட்கள் உதவிக்கு இன்னொருவர் வந்ததாக ஓவியரே சொல்கிறார். உதவிக்கு வந்தவர் எந்தப் பக்கத்தைத் தொட்டார் என்பது ஓவியருக்கு நினைவில் இல்லை. பதினாறையும் தன் பெயரிலேயே போடச் சொல்லி ஓவியர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் மறுத்தேன்.

கண்காட்சியின் முதல் சுவரில் பதினாறும் தொங்குகின்றன, படம் அனுப்பியிருந்தார்கள். பதினைந்தின் கீழே அவர் பெயர். ஒன்பதாம் பக்கத்தின் கீழே என் பட்டியலில் உள்ள வாசகமே ஸ்பானிய மொழியில் இருக்கிறது: வரைந்தவர் யார் என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.